உங்கள் பத்தாண்டுப் பதிவின் மூலப்படி உங்கள் வீட்டில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டு முடியும் நேரத்தில் ஒவ்வொரு செயலியும் ‘உங்கள் ஆண்டு’ என்று ஒரு தொகுப்பைக் காட்டுகிறது. எத்தனை அடி நடந்தீர்கள், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், எந்த ஊருக்குப் போனீர்கள் என்று படம் போட்டுச் சொல்கிறது. இந்தத் தகவலை வைத்தே ‘உங்களை அறிந்த உதவியாளர்’ என்று செயற்கை நுண்ணறிவுச் சேவைகளும் வந்துவிட்டன. வரட்டும், அதில் பயன் உண்டு. ஆனால் அந்த உதவியாளருக்குத் தெரிந்த உங்களுக்கு வயது, நீங்கள் கடைசியாக வாங்கிய கைக்கடிகாரத்தின் வயதுதான். அதற்கு முன்பு நீங்கள் எப்படி உறங்கினீர்கள், உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருந்தது, எதைச் சாப்பிட்டால் எது ஏறியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 2015ல் சிங்கப்பூரில் தேசிய நடைச் சவால் தொடங்கியபோது அடிகளை எண்ணும் கைப்பட்டை கட்டிக்கொண்டவர்கள் அந்த முதலாண்டு எண்ணிக்கையை இன்று எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வாழ்நாள் பதிவு என்பது புதிய யோசனை இல்லை. ஒருவர் படித்ததையும் எழுதியதையும் தேடி எடுக்கும்படி சேர்த்து வைக்கும் ‘மெமெக்ஸ்’ கருவியை 1945லேயே வனவார் புஷ் எழுத்தில் வடித்துக் காட்டினார். கணினி அறிஞர் கார்டன் பெல் 1990களின் கடைசியில் தம் காகிதங்கள், படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் மின்னிலக்கமாக்கத் தொடங்கினார். மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘சென்ஸ்கேம்’ கழுத்தில் தொங்கும் சிறு கேமரா. வெளிச்சம் மாறினாலோ எதிரே ஆள் வந்தாலோ அது தானாகவே படம் எடுக்கும். மூளை அழற்சியால் நினைவு குன்றிய ஒரு பெண்மணி அந்தப் படங்களைக் கணவரோடு உட்கார்ந்து அடிக்கடி பார்த்து வந்தபோது, எழுதிய நாட்குறிப்பை மட்டும் படித்ததைவிட மிக நன்றாக நிகழ்வுகளை நினைவுகூர்ந்தார் என்று 2007ல் வெளியான ஆய்வு சொல்கிறது. முதுமையும் மறதியும் நம் வீடுகளிலும் பெருகி வரும் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் பதிவை வைத்திருப்பது யார்? நடந்த வழிகளைப் பதிந்து வந்த ‘மூவ்ஸ்’ செயலியை 2014ல் ஃபேஸ்புக் வாங்கியது, 2018 ஜூலையில் நிறுத்தியது. நலப் பதிவுகளைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் ‘ஹெல்த்வால்ட்’ 2019 நவம்பரில் மூடப்பட்டது. ஹியூமேன் நிறுவனத்தின் சட்டையில் குத்திக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுக் கருவி 2024 ஏப்ரலில் விற்பனைக்கு வந்து, 2025 பிப்ரவரி 28ஆம் தேதியோடு வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. கூகல் மேப்ஸ், போன இடங்களைச் சொல்லும் தன் ‘டைம்லைன்’ வரலாற்றைச் சேவையகத்திலிருந்து அவரவர் திறன்பேசிக்கு மாற்றியபோது, கெடுவுக்குள் தேர்வு செய்யாதவர்கள் பழைய பதிவுகளை இழந்தார்கள். சேவை நல்லதா கெட்டதா என்ற பேச்சு இங்கே தேவையில்லை. பத்தாண்டு நிலைக்கும் சேவை அரிது, அவ்வளவுதான். அதனால் மூலப்படி உங்களிடம் இருக்க வேண்டும், செயலிக்குக் கொடுப்பது அதன் நகலாக இருக்க வேண்டும்.

பதிவு கையில் இருந்தால் மட்டும் போதாது, அது பிழையில்லாமலும் இருக்க வேண்டும். நம்மவர்களின் பதிவு பெரும்பாலும் எங்கே கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அலகு. ரத்தச் சர்க்கரையை இங்கே சிங்கப்பூரில் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் சொல்கிறோம், இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். இங்கே 7.0 என்று காட்டும் அதே அளவு சென்னையில் வாங்கிய கருவியில் 126. பெருக்க வேண்டிய எண் 18. கொழுப்புக்கு அது 38.67, அதாவது இங்கே 5.2 என்றால் அங்கே ஏறக்குறைய 200. சிறுநீரகச் சோதனையில் வரும் கிரியேட்டினினுக்கு மட்டும் இங்குள்ள எண்ணை 88.4ஆல் வகுக்க வேண்டும். இரண்டு ஊர்க் கருவிகளின் எண்களையும் அலகு எழுதாமல் ஒரே பட்டியலில் போட்டால் என்ன ஆகும்? 6.5, 7.1, 118, 6.8 என்ற நான்கின் சராசரி 34.6. அப்படி ஒரு எண் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், பிழை பிடிபடும். அதைவிடத் தொல்லை, மென்பொருள் அந்த 118ஐப் ‘பொருந்தாத அளவு’ என்று சத்தமில்லாமல் தள்ளிவிடுவது. ஊரில் கல்யாண விருந்து சாப்பிட்ட மாதம் முழுதும் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். உதவியாளர் உங்கள் சர்க்கரை சீராக இருக்கிறது என்று சொல்லும்.

அடுத்தது நேரம். சென்னையில் இரவு 10.30க்குப் படுத்தால் சிங்கப்பூர் நேரம் அதிகாலை 1.00. நேர வலயம் பதியப்படாவிட்டால் ஒரு மாத விடுப்பு முழுதும் தாமதமாக உறங்கியதாகவே கணக்காகும். பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1981 டிசம்பர் வரை சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி 30 நிமிடம்தான் முந்தியிருந்தது. 1982ல்தான் 8 மணி ஆனது. இங்கே பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிப்பவர்கள் இதை அறிவார்கள். மென்பொருளில் நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

இரவுப் பணி செய்வோருக்கு வேறு சிக்கல். துறைமுகம், விமான நிலையம், மருத்துவமனை என்று முறை மாறி வேலை பார்ப்பவர்களின் நாளை நள்ளிரவு 12 மணிக்கு வெட்டினால் ஒரே உறக்கம் இரண்டு தேதிகளில் பாதிப் பாதியாக விழும். உறக்கத்துக்கு மட்டும் நண்பகலிலிருந்து மறு நண்பகல்வரை ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிழை தீரும். பகலில் உறங்கும் வாரங்களை ‘இரவு முறை’ என்று தனியே குறிக்க வேண்டும்.

இரட்டை எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பையில் திறன்பேசி, கையில் கடிகாரம், இரண்டுமே அடிகளை எண்ணுகின்றன. ஐஃபோனின் ஹெல்த் செயலி திரையில் காட்டும்போது ஒரே நேரத்து அடிகளை இருமுறை கூட்டுவதில்லை. ஆனால் தரவை வெளியே எடுத்தால் இரண்டு கருவிகளின் வரிகளும் தனித்தனியே இருக்கும். அப்படியே கூட்டினால் 7,000 அடி நடந்தவர் 13,000 நடந்தவர் ஆவார். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கடிகார எண் இருந்தால் அதை எடுங்கள். இல்லாத மணிக்கு மட்டும் திறன்பேசி எண்ணை எடுங்கள்.

கருவி மாற்றும்போது பழையதைக் கழற்றி வைத்துவிடாமல் 14 நாளுக்கு இரண்டையும் கட்டிக்கொள்ளுங்கள். ஓய்வு இதயத்துடிப்பில் இரண்டுக்கும் 4 வேறுபாடு இருந்தால் அதை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் புதுக் கடிகாரம் வந்த நாளில் உங்கள் இதயமே மாறிவிட்டதாக வரைபடம் காட்டும். கைக்கடிகாரங்கள் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, திரும்பி வருவதை அளக்கின்றன. கருத்த தோல் அந்த ஒளியை அதிகம் உறிஞ்சும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியிலும் இந்தச் சிக்கல் உண்டு. கருவி சரியென்று காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு காணப்பட்டதாக 2020ல் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. நம்மில் பலர் கருத்த தோலுடையவர்கள். ஆகவே தனி ஒரு எண்ணை நம்புவதைவிட, அதே கருவியில் உங்கள் கடந்த 60 நாள் எண்களின் நடு எண்ணோடு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) இன்றைய எண்ணை ஒப்பிடுவது நம்பகமானது. சராசரியை எடுத்தால் காய்ச்சல் வந்த இரண்டு நாள் அதை இழுத்துவிடும், அதனால்தான் நடு எண். மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ எந்தக் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று, பலர் செய்யாமல் விடுவதும் அதுவே: நிகழ்வுக் குறிப்பு. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவரின் எடை பல வாரங்கள் இறங்கும். காவடி எடுக்கும் இரவில் இதயத்துடிப்பு ஏறும், உறக்கம் இருக்காது. கட்டாயத் தேசிய சேவையை முடித்த போர்க்காலப் படைவீரர் முகாம் பயிற்சிக்குப் போனால் அடிகள் இரட்டிப்பாகும். புகைமூட்ட வாரங்களில் நடையே நின்றுவிடும். காரணம் தெரியாத மென்பொருள் இவற்றையெல்லாம் உங்கள் ‘பழக்கம்’ என்று கற்றுக்கொள்ளும், அல்லது நோய் என்று பயமுறுத்தும். தொடக்க தேதி, முடிவு தேதி, ஐந்து சொல் விளக்கம், அவ்வளவு போதும். ஆண்டுக்கு முப்பது வரிகூடத் தேறாது. ஆனால் அந்த முப்பது வரிதான் மற்ற லட்சக்கணக்கான வரிகளுக்குப் பொருள் தருகிறது.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும்? இப்படி:

2025-10-18, 06:50, +05:30, ரத்தச் சர்க்கரை, 118, மில்லிகிராம்/டெசிலிட்டர், வெறும் வயிறு, ஊரில் வாங்கிய கருவி

இதில் +05:30 என்பது இந்திய நேர வலயம். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 3/4 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று பத்தாண்டு கழித்து யாருக்கும் தெரியாது. எண்ணை மாற்றி எழுதாதீர்கள். கருவி காட்டியதை அப்படியே பதிந்து, மாற்றிய எண்ணுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். காற்புள்ளி பிரித்த சிஎஸ்வி கோப்பு போதும், எந்தக் கணினியும் எந்தக் காலத்திலும் திறக்கும். ரத்த அழுத்தத்துக்கு மேல்கை மானி நல்லது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுங்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டினாலும் இப்படிப்பட்ட பதிவுக்கு மதிப்பு இருக்கும்.

சாப்பாட்டுச் செயலிகளில் நம் உணவு சரியாக வருவதில்லை. ‘ஒரு கிண்ணம் சாம்பார்’ என்பதற்கு அவை சொல்லும் அளவு யார் வீட்டுக் கிண்ணமோ. சமையல் தராசு ஒன்று வாங்கி, உங்கள் வீட்டுக் கரண்டி சோறு எத்தனை கிராம், உங்கள் தோசைக்கு மாவு எத்தனை கிராம், தாளிப்புக்கு எண்ணெய் எத்தனை என்று இரண்டு வாரம் நிறுத்துப் பாருங்கள். அடிக்கடி சமைக்கும் இருபது உணவுகளுக்குச் சொந்தப் பட்டியல் தயாரானால் பிறகு தராசு வேண்டாம். ‘தோசை 2, சாம்பார் 1 கரண்டி’ என்று எழுதினாலே போதும்.

தரவை எடுப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஃபோன் ஹெல்த் செயலியில் மேலே வலப்பக்கம் உங்கள் படத்தைத் தொட்டு, கடைசியில் உள்ள ‘எல்லா நலத் தரவையும் ஏற்றுமதி செய்’ என்ற தெரிவை அழுத்தினால் சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பு வரும். பல ஆண்டுத் தரவு என்றால் சில நிமிடம் பிடிக்கும். அதை மின்னஞ்சலில் அனுப்பாமல் நேராகக் கணினிக்கு மாற்றுங்கள். கூகல் தரவை இறக்கிக்கொள்ள ‘டேக்அவுட்’ என்ற சேவை இருக்கிறது. அதில் கோப்பின் அளவு 2 ஜிபி என்று இருப்பதை 50 ஜிபி என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் படம் ஒரு பொதியிலும் அது எடுத்த தேதியைச் சொல்லும் துணைக்கோப்பு வேறொரு பொதியிலும் போய் விழும். இறக்கிக்கொள்ளும் இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரத்தில் காலாவதியாகும். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்தால், படங்களோடு என்றால் அண்மைய 10,000 செய்திகளும் படங்கள் இல்லாமல் என்றால் 40,000 செய்திகளும்தான் வரும், பெரிய குடும்பக் குழுவுக்கு அது போதாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதியும் இடமும் அழிந்துவிடும். தாத்தாவின் திருமணப் படத்தைத் தீபாவளிக்கு அனுப்பினால் அது அந்தத் தீபாவளித் தேதியில் போய் உட்காரும். ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் தேசிய தினத்துக்கும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இடம் எவ்வளவு வேண்டும் என்ற அச்சம் தேவையில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை இருப்பிடத்தைப் பதிந்தால் ஆண்டுக்கு 525,600 வரிகள், ஏறக்குறைய 26 எம்பி. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோடு கோப்பில் 3 பைட் பிடித்தாலும், நாளுக்கு 200 சொல் எழுதினால் ஆண்டுக்கு 2 எம்பிதான். கேமராதான் விழுங்கும்: 30 விநாடிக்கு ஒரு படம், விழித்திருக்கும் 16 மணி நேரம் என்றால் 1,920 படங்கள். ஒன்று 200 கேபி என்றாலும் ஆண்டுக்கு 140 ஜிபி. என் கருத்தில் வீட்டுப் பதிவுக்கு ஓயாமல் படமெடுக்கும் கேமரா வேண்டியதில்லை. இடத்தைவிடப் பெரிய காரணம், இல்லப் பணிப்பெண்ணும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை. எண்ணும் எழுத்தும் குரலும் போதும்.

தமிழுக்கென்றே சில கவலைகள் உண்டு. 1997ல் இதே ஊரில் தமிழ்நெட் மாநாடு கூடியபோது எழுத்துருக் குழப்பம்தான் பெரும் பேச்சு. நம்மவர் நா. கோவிந்தசாமி உருவாக்கிய ‘கணியன்’ முதல் பல முறைகளில் அன்று தட்டச்சு செய்த கடிதங்களும் கவிதைகளும் இன்றும் பழைய வட்டுகளில் இருக்கக்கூடும். திறந்தால் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். மாற்றிகள் கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். எந்த எழுத்துரு என்பதைக் குறித்துவிட்டு மூலக் கோப்பையும் வைத்திருங்கள். பழைய முறைகள் பலவற்றில் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னால் பதிவாகும். அதனால் ‘கொ’, ‘கோ’ வரும் இடங்களை அச்சுப் படியோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் நாட்குறிப்பைத் தேடுவது கடினம், ஒரே சொல்லை நாமே மூன்று விதமாக எழுதுவோம். ஆள் பெயர், இடப் பெயர், நோய்ப் பெயர் ஆகியவற்றையாவது தமிழில் ஒரே விதமாக எழுதுங்கள். உதவியாளரை இயக்கும் ‘மொழி மாதிரி’ மென்பொருள்களில் பல, தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிடப் பல துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. ஆகவே ஓராண்டு நாட்குறிப்பை உதவியாளரிடம் மொத்தமாகக் கொட்டினால் முன்பகுதி அதன் நினைவிலிருந்து நழுவிவிடும். மாதம் ஒன்றுக்குப் பதினைந்து வரிச் சுருக்கம் எழுதி அதைக் கொடுங்கள், கேட்கும்போது மட்டும் அந்த மாதத்தின் மூல வரிகளைச் சேருங்கள். நாட்டின் செயற்கை நுண்ணறிவுத் திட்டமான ஏஐ சிங்கப்பூர் வெளியிட்ட ‘சீ-லயன்’ மாதிரிகள் தமிழும் அறிந்தவை. அவற்றின் சிறிய வடிவங்களை 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இணையமின்றி வீட்டிலேயே ஓட்டலாம். நலத் தரவுக்கு அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது.

குரலையும் விட்டுவிடாதீர்கள். பேச்சு குன்றும் நோய்களில் சொந்தக் குரலைக் கணினியில் மீட்டுத்தர, முன்கூட்டியே எடுத்த நல்ல ஒலிப்பதிவு வேண்டும். வாட்ஸ்அப் குரல் செய்தி மிகவும் சுருக்கப்பட்டது, அதை நம்பியிருக்க முடியாது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலை மூடி, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஆண்டுக்கு 20 நிமிடம் பாட்டியைத் தமிழில் பேச வையுங்கள். 16 பிட், ஒற்றை ஒலித்தடம் என்றால் நிமிடத்துக்கு 6 எம்பிக்கும் குறைவுதான்.

பாதுகாப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018ல் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் கணினிக் கட்டமைப்பில் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களையும் 160,000 பேரின் மருந்துப் பதிவுகளையும் எடுத்துச் சென்றார்கள். அதே ஆண்டு ஜனவரியில், ஸ்ட்ராவா செயலியின் ஓட்டப் பதிவுகளைத் தொகுத்த வரைபடம் வெளிநாடுகளில் ராணுவ முகாம்களின் அமைப்பைக் காட்டிக்கொடுத்தது. தேசிய சேவையில் உள்ள பிள்ளைகளின் கடிகாரத்தில் இருப்பிடப் பதிவைப் பெற்றோர் நினைவூட்டி நிறுத்தச் சொல்ல வேண்டும். கோவிட் தொடர்புகளைத் தடம் காண உருவான ‘டிரேஸ்டுகெதர்’ செயலியின் தரவைக் குற்ற விசாரணைக்கும் கேட்க முடியும் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தபோது எழுந்த கேள்விகளுக்குப் பிறகு, ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நோக்கத்துக்குச் சேர்த்தது இன்னொன்றுக்கும் கேட்கப்படும் என்பதை முன்னரே எண்ணிப் பாருங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில், எல்லாம் மறைகுறியாக்கம் செய்தவை. மறைச்சொல்லைக் காகிதத்தில் எழுதி உறையிட்டு, நீங்கள் முடிவெடுக்க முடியாத நிலையில் உங்கள் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தோடு வைக்கலாம். அந்தப் பத்திரம் மட்டும் செயலிக் கணக்குகளைத் திறந்துவிடாது. ஆப்பிளில் ‘மரபுத் தொடர்பாளர்’, கூகலில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ ஆகியவற்றைத் தனியே அமைக்க வேண்டும்.

சட்டம் தரும் உரிமையையும் பயன்படுத்துங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவையும், கேட்ட நாளுக்கு முந்தைய ஓராண்டில் அது எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதையும் கேட்டுப் பெறலாம். அதன் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளுக்குள் தர முடியாவிட்டால் எப்போது தருவார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், நியாயமான கட்டணம் கேட்கலாம். அரசாங்க அமைப்புகள் இச்சட்டத்தில் அடங்கா. அவற்றுக்கு 2018ன் பொதுத்துறைச் சட்டம் தனியே இருக்கிறது.

உங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்கள். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்கு மின்னிலக்கப் பாடம் நடத்துவோர், பணம் செலுத்தவும் காணொளி அழைப்புக்கும் சொல்லிக்கொடுப்பதோடு, தரவை எடுத்து வைக்கவும் ஒரு மணி நேரம் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, ஒரு நிறுவனத்திடமுள்ள நம் தரவை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லும் உரிமை 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்திலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரியில் திருத்தத்தின் பெரும்பகுதி நடப்புக்கு வந்தபோது அது வரவில்லை. அதற்கான விதிகளை எழுதுவோர், அலகு, நேர வலயம், அளந்த கருவியின் பெயர் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த நிறுவனமும் தரவை ஒப்படைக்கக் கூடாது என்று விதியிலேயே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தரவுப் பொறியியல் துறையில் பணிபுரியும் வாசகர்,
உட்லண்ட்ஸ்